சன்னதித் தெருவுக்கு வந்த காதல் கதைக்காரர்

அண்ணாமலையைத் தேடி வந்தவர்கள் – அத்தியாயம் 17

போன வாரம் வல்லாள கோபுரத்தின் உச்சியில் அருணகிரியைத் தனியே நிற்கவைத்துவிட்டு அத்தியாயத்தை முடித்திருந்தோம். குதித்தாரா, இல்லையா?

குதித்தார் என்கிறது திருவண்ணாமலை. தரையைத் தொடுவதற்குள் முருகன் தாங்கிக்கொண்டான் என்கிறது. சந்தேகப்படுகிறவர்களைக் கையைப் பிடித்து அழைத்துப்போய், கோபுரத்தடியில் இருக்கும் கோபுரத்து இளையனார் சன்னிதியைக் காட்டுகிறது. 15-ஆம் நூற்றாண்டு மனிதரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கதை. இதற்குக் கல்வெட்டுச் சான்று கேட்பதில் பயனில்லை. ஆனால் அவர் பாட்டுகள் இருக்கின்றன. 1,300-க்கும் மேற்பட்ட திருப்புகழ்ப் பாடல்கள் நம் கைக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் எத்தனையோ பாடல்களில் முன்பாதி பெண்ணழகில் மயங்கிக் கிடக்கிறது, பின்பாதி முருகன் காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறது. பழைய ஆசைகளை ஊர் எல்லையிலேயே போட்டுவிட்டு வரவில்லை அருணகிரி. அவற்றைச் சுமந்துகொண்டேதான் சன்னிதிக்குள் நுழைந்தார். திருப்புகழின் உயிரே அந்தச் சுமைதான் என்று நான் நினைக்கிறேன்.

இந்த வாரம் நாம் பார்க்கப்போகிறவரும் அப்படி வந்தவர். ஏறக்குறைய 500 ஆண்டுகள் தள்ளி, சென்னையிலிருந்து வந்தார். ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் எப்படிப் பார்க்கிறார்கள், எங்கே தொடுகிறார்கள், எதற்காகப் பிரிகிறார்கள் என்று வாராவாரம் எழுதிக்கொண்டிருந்தவர். தமிழ்நாட்டின் லெண்டிங் லைப்ரரிகளில் அவர் புத்தகம் அலமாரியில் தங்காது. ஒருவர் திருப்பிக் கொடுக்கும்போதே அடுத்தவர் கை நீட்டுவார். பெயர் பாலகுமாரன்.

அவர் எதைத் தேடி இந்த மலையடிவாரத்துக்கு வந்தார்? அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் காவிரிக்கரைக்குப் போக வேண்டும்.

★

தஞ்சாவூர் ஜில்லா, திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் பழமார்நேரி. 1946 ஜூலை 5-ஆம் தேதி அங்கே பிறந்தார். அம்மா பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியை. பையன் மனம் சோர்ந்து உட்கார்ந்தால் சங்கப் பாட்டிலிருந்து ஒன்றை எடுத்துச் சொல்லித் தேற்றுகிற அம்மா. துக்கத்துக்கு மருந்து மொழியில் இருக்கிறது என்று அந்தப் பையன் தெரிந்துகொண்டது அப்போதுதான். பிற்காலத்தில் லட்சக்கணக்கானவர்களுக்கு அவர் செய்ததும் ஏறக்குறைய இதைத்தான்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட். 1969-ல் சென்னையில் ஒரு தனியார் கம்பெனி வேலை. பிறகு டிராக்டர் கம்பெனி. பகலெல்லாம் அடுத்தவர் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்து. இரவில் தனக்கென்று கவிதை.

1970 அக்டோபரில் சென்னையில் ‘கசடதபற’ என்ற சிற்றிதழ் தொடங்கியது. ஞானக்கூத்தன், ந. முத்துசாமி, சா. கந்தசாமி என்று அதைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் தமிழில் புதிதாக ஏதாவது செய்தே தீருவது என்று கிளம்பியவர்கள். பாலகுமாரன் அந்த வட்டத்துக்குள் போனார். அவருடைய ஆரம்ப எழுத்துகள் அதில் வந்தன. வரிகள் வந்தன, உணர்ச்சி வந்தது. கதை மட்டும் பிடிபடவில்லை. மனதில் பொங்குவதையெல்லாம் தாளில் கொட்டினால் கதையாகிவிடும் என்று நம்புகிற வயது. கொட்டினார். அது கதையாகவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். பின்னாளில் 200-க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதிய மனிதர், ஒரு கதையை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் திண்டாடிய வருடங்கள் இவை. எழுதவே வரவில்லை என்று பேனாவை மூடிவைத்துவிட்ட யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு தைரியம் வரட்டும் என்பதற்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

வழி காட்டியவர் சுஜாதா. அப்போதே தமிழின் மிகப் பிரபலமான எழுத்தாளர். கதை எழுதும் வித்தையைத் தனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான் என்று பாலகுமாரன் கடைசிவரை நன்றியோடு சொல்லிக்கொண்டிருந்தார். கதையை முதல் வரியிலேயே தொடங்கிவிடு, பீடிகை வேண்டாம் என்பது அந்தப் பாடத்தின் சாரம். தொழில் தெரிந்த ஒருவர் தன் ரகசியத்தை இன்னொரு எழுத்தாளனுக்கு இத்தனை சுலபமாகக் கொடுத்தார். வாங்கிக்கொண்டவர் அதை மறைக்கவில்லை. எழுத்துலகில் இந்த இரண்டுமே அபூர்வம்.

ஆனால் வித்தை மட்டும் போதுமா? எதை எழுதுவது?

★

பதில் அவர் வேலை பார்த்த இடத்திலேயே கிடந்தது. ‘சாவி’ வார இதழில் தொடராக வந்த ‘மெர்க்குரிப் பூக்கள்’ ஒரு தொழிற்சாலை வேலைநிறுத்தத்தில் பிறந்த கதை. ‘கல்கி’யில் வந்த ‘இரும்பு குதிரைகள்’ லாரிகளின் உலகம். புக்கிங் ஆபீஸ், டிரைவர், க்ளீனர், புரோக்கர், சரக்கு, டீசல் வாசனை. அதற்கு நடுவே குதிரைகளைப் பற்றிய கவிதைகள். 1980-களில் தமிழ்க் குடும்பப் பத்திரிகை ஒன்றில் காதல் கதை படிக்க உட்கார்ந்த வாசகிக்கு லாரி ஷெட்டின் எண்ணெய்க் கறை படிந்த உலகம் இப்படிக் கைக்கு வந்து சேர்ந்தது. முதல் நாவலுக்கு இலக்கியச் சிந்தனை பரிசும், இரண்டாவதற்கு ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் அறக்கட்டளைப் பரிசும் கிடைத்தன.

காதல் கதை என்றால் கடற்கரை, மொட்டைமாடி, நிலா என்றிருந்த பழக்கத்தை அவர் உடைத்தார். அவருடைய காதலர்கள் வேலைக்குப் போனார்கள். மாதக் கடைசியில் கையைப் பிசைந்தார்கள். ஆபீஸில் அவமானப்பட்டு வீட்டுக்கு வந்து மனைவியிடம் எரிந்து விழுந்தார்கள். ‘தாயுமானவன்’ கதையில் வேலை இழந்த கணவன் வீட்டையும் குழந்தைகளையும் பார்த்துக்கொள்கிறான். அன்றைய வாசகனுக்கு அது லேசான விஷயம் இல்லை.

குறையையும் சொல்லிவிட வேண்டும். அவர் கதைகளில் ஆண் பாத்திரங்கள் நிறைய உபதேசம் செய்வார்கள். எதிரே ஒரு பெண் வியந்து கேட்டுக்கொண்டிருப்பாள். கதை நகராமல் பேச்சு நீளும் பக்கங்கள் அவரிடம் ஏராளம். அதிகம் எழுதியதால் நேர்ந்த நஷ்டமும் உண்டு. ஆனாலும் அந்தப் பேச்சுக்காகவே அவரைப் படித்தவர்கள் இருந்தார்கள். வீட்டில் யாரும் பேசாத விஷயங்களை ஒருவர் உட்கார்ந்து நிதானமாகப் பேசினார். ஆசை தப்பா, உடம்பு அசிங்கமா, கணவனுக்குப் பயப்பட வேண்டுமா, மறுபடி ஒருவரை விரும்பலாமா என்ற கேள்விகளைத் தெருவுக்குத் தெரு பெண்கள் மனதில் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்த காலம் அது.

அந்தப் பெண்கள் அவருக்குக் கடிதம் எழுதினார்கள்.

இந்தத் தொடரின் வாசகர்களில் இளையவர்களுக்கு இதை விளக்க வேண்டும். வாரத்தொடர் எழுதுகிறவன் கதையை முடித்துவிட்டு வாசகனைச் சந்திப்பதில்லை. ஆறாவது அத்தியாயம் அச்சில் இருக்கும்போது நான்காவது அத்தியாயத்துக்கான தபால் வந்துவிடும். போஸ்ட்கார்டில் திட்டு, இன்லேண்டில் பாராட்டு, ஒட்டிய கவரில் அழுகை. நாயகியைச் சாகடித்துவிடாதீர்கள் என்று ஒருத்தி எழுதுவாள். இது என் கதை, உங்களுக்கு யார் சொன்னார்கள் என்று இன்னொருத்தி கேட்பாள். இதற்கு நடுவே அடுத்த அத்தியாயம் போக வேண்டும். ஓவியர் படம் போடக் காத்திருப்பார். பத்திரிகை ஆபீஸிலிருந்து ஆள் வந்து வாசலில் நிற்பார். ஜுரமோ, வீட்டில் சண்டையோ, வியாழக்கிழமை வந்தால் பக்கம் போயாக வேண்டும். நானும் வாராவாரம் இந்தப் பக்கங்களை நிரப்புகிறவன் என்பதால் சொல்கிறேன்: அந்தத் தபால் கட்டு எழுதுகிறவனுக்குச் சோறு போலவும் இருக்கும், சுமையாகவும் இருக்கும்.

பெண்கள் தங்கள் வாழ்க்கையையே தனக்கு எழுதியனுப்பினார்கள் என்று பாலகுமாரன் பலமுறை சொல்லியிருக்கிறார். கதை பிடித்திருக்கிறது என்பதோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. நான் என்ன செய்யட்டும் என்று கேட்டார்கள்.

காதல் கதை எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. இதைவிடப் பெரிய பயமும் கிடையாது. முன்பின் தெரியாத ஒரு பெண் தன் வாழ்க்கையின் முடிவை உன் கையில் வைக்கிறாள். உன் வாழ்க்கை நேராக இருக்கிறதா? இரண்டு திருமணங்கள், கோபம், சிகரெட், அப்பாவோடு தீராத கசப்பு என்று தன் வாழ்க்கையின் சிக்கல்களைப் பிற்காலத்தில் அவரே ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். அப்படிப்பட்டவரிடம்தான் ஊரே வழி கேட்டது.

வழி கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல, அவர் எங்கே போய்ப் பதில் கேட்பார்?

★

எண்பதுகளின் நடுவில் டிராக்டர் கம்பெனி வேலையை விட்டார். கே. பாலசந்தரிடம் உதவியாளராகச் சேர்ந்து ‘சிந்து பைரவி’யில் வேலை செய்தார். 1987 தீபாவளிக்கு ‘நாயகன்’ வந்தது. மணிரத்னத்தின் படம், கமல்ஹாசனின் வேலு நாயக்கர், பாலகுமாரனின் வசனம். தமிழ்நாடு முழுக்க அந்த வசனங்களைத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

அதே 1987-ல் சுப்ரமண்ய ராஜு சாலை விபத்தில் இறந்தார். பாலகுமாரன், மாலன், சுப்ரமண்ய ராஜு என்று மூன்று பேரையும் சேர்த்தே சொல்லுவார்கள். எழுத வந்த நாளிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள், ஒருவர் கதையை மற்றவர் கிழித்துப்போடும் உரிமை உள்ளவர்கள். ராஜு நல்ல சிறுகதைக்காரர். நாற்பது வயதுகூட ஆகவில்லை. புகழ் வாசலுக்கு வந்த வருடத்திலேயே சாவும் வந்தது.

இந்தச் சாவுதான் அவரைத் திருவண்ணாமலைக்குத் திருப்பியது என்று எழுதிவிடலாம். கதைக்கு அது பொருத்தமாகவும் இருக்கும். ஆனால் ஒரு மனிதன் கடவுளைத் தேடிப் போவதற்கு ஒரே காரணம் கண்டுபிடிப்பது சரித்திரம் ஆகாது. அம்மா சொன்ன பாட்டுகள், கைநிறையக் கடிதங்கள், நண்பனின் சிதை, கைதட்டல் முடிந்த பிறகு வரும் வெறுமை எல்லாம் சேர்ந்திருக்கலாம். 1991-ல் அவர் வசனம் எழுதிய ‘குணா’வைப் பாருங்கள். அதில் நாயகன் தான் காதலிக்கிற பெண்ணை அபிராமி என்று கும்பிடுகிறான். காதலும் பக்தியும் ஒரே மூச்சில் வருகின்றன. எழுதிய கை எந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது என்பது அங்கேயே தெரிகிறது.

இப்போது சன்னதித் தெருவுக்கு வருவோம்.

★

217 அடி ராஜகோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே நடந்தால் தேரடி. அந்தப் பக்கத்துப் பாத்திரக்கடைகளின் வாசலில், கடை மூடிய பிறகு, பல வருடங்கள் ஒருவர் படுத்து உறங்கினார். பகலில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு புன்னை மரத்தடி. தலையில் முண்டாசு, அடுக்கடுக்காய் அழுக்குத் துணி, ஒரு கையில் பனையோலை விசிறி, இன்னொரு கையில் கொட்டாங்கச்சி. ஊர் அவருக்கு விசிறி சாமியார் என்று பெயர் வைத்தது. அவர் தன்னைப் பிச்சைக்காரன் என்று மட்டுமே சொல்லிக்கொண்டார்.

அந்தப் பிச்சைக்காரர் 1918 டிசம்பர் 1-ஆம் தேதி கங்கைக்கரைக் கிராமம் ஒன்றில் பிறந்த ராம்சுரத்குமார். படித்தவர், பள்ளி ஆசிரியராக இருந்தவர், குடும்பஸ்தர். 1947-லும் 1948-லும் தெற்கே வந்து ரமணரைத் தரிசித்தார். 1950-ல் அவர் இமயமலைப் பக்கம் போயிருந்தபோது ரமணர் மறைந்தார். 1952-ல் காஞ்ஞங்காடு ஆனந்தாசிரமத்தில் சுவாமி ராமதாஸ் அவருக்கு ராம மந்திரம் கொடுத்தார். அதோடு பழைய வாழ்க்கை முடிந்தது. பல வருடம் அலைந்துவிட்டு 1959-ல் திருவண்ணாமலைக்கு வந்தவர் இங்கேயே தங்கினார்.

இந்தத் தொடருக்கு முக்கியமான செய்தி ஒன்று உண்டு. இவரைத் தேடி முதலில் வந்த தமிழர்களில் எழுதுகிறவர்கள் அதிகம். மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் வந்தார். தமிழுக்குக் கலைக்களஞ்சியம் தந்த பெரியசாமித் தூரன் வந்து, இவர்மேல் பாட்டு எழுதினார். உ.வே. சாமிநாதையரின் மாணவர் கி.வா. ஜகந்நாதன் வந்தார், அவரும் பாடினார். இலக்கணமும் இலக்கியமும் கரைத்துக் குடித்தவர்கள், வடக்கேயிருந்து வந்து ஆங்கிலத்தில் பேசிய ஒரு பிச்சைக்காரர் முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். எழுபதுகளின் பின்பாதியில் அன்பர்கள் சேர்ந்து சன்னதித் தெருவில் அவருக்கு ஒரு வீடு அமைத்துக்கொடுத்தார்கள்.

அந்த வீட்டு முறை எளிமையானது. வாசலில் இரும்பு கிரில் கேட். வந்தவர்கள் வெளியே நிற்பார்கள். உள்ளேயிருந்து யாராவது வருவார், சில சமயம் அவரே வருவார். யார், எங்கிருந்து என்று விசாரிப்பு. சிலருக்குக் கதவு உடனே திறக்கும், சிலருக்குத் திறக்காது. மந்திரிக்கும் கூலிக்காரருக்கும் அங்கே ஒரே வரிசை. உள்ளே போனால் பாய், விசிறிக் காற்று, சிகரெட் புகை, தெருமுனை வரை கேட்கும் சிரிப்பு. அவர் சிலரின் கையைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

அந்த வாசலுக்கு ஒரு நாள் பாலகுமாரனும் வந்தார்.

பேனா நின்றால் பத்திரிகை ஆபீஸ் தவிக்கும் எழுத்தாளர். தன் பெயரைச் சொன்னால் பஸ்ஸிலும் ரயிலிலும் எழுந்து நின்று இடம் கொடுக்கிற வாசகர்கள் உள்ளவர். இங்கே யார் என்று கேட்டால் என்ன சொல்வது? எழுத்தாளன் என்றா? எழுதியவை எதையும் படித்திராத மனிதர் எதிரே நிற்கிறார். தமிழ் தெரிந்து, கதை படித்து, ஆகா என்று சொல்லிப் பழக்கப்பட்ட முகங்களே இதுவரை எதிரில் இருந்தன. இந்த முகத்துக்கு அவர் வாக்கியங்களால் ஒரு பயனும் இல்லை.

பாலகுமாரனுக்கு அன்று தேவைப்பட்டது இந்த முகம்தான் என்பது என் கருத்து. புகழ்கிற வாசகரும் திட்டுகிற விமர்சகரும் அவரை எழுத்தாளராகவே பார்த்தார்கள். அந்த இரண்டு பேருக்கும் நடுவில் மூச்சுவிட இடம் இல்லாமல் இருந்தவருக்கு, எழுத்தைத் தவிர்த்துவிட்டு ஆளை மட்டும் பார்த்த ஒருவர் கிடைத்தார். அவரைத் தன் குரு என்று பாலகுமாரன் வரித்துக்கொண்டார். சாகும்வரை அந்தச் சொல்லை மாற்றவில்லை.

பேனாவையும் கீழே வைக்கவில்லை. துறவியாகிவிடவும் இல்லை. மலையைச் சுற்றும் 14 கிலோமீட்டரை நடந்து முடித்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார், மனைவி மக்களோடு வாழ்ந்தார், சம்பாதித்தார். 1995-ல் ‘பாட்ஷா’வுக்கு வசனம் எழுதினார். மாத நாவல்கள் நிற்கவில்லை. ஆனால் கதைக்குள்ளே வேறு மனிதர்கள் வந்து உட்காரத் தொடங்கினார்கள். காதலித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று கண்ணை மூடினான். ஆபீஸ் போகிற பெண் மூச்சைக் கவனித்தாள். விசிறி சாமியாரின் வாழ்க்கையையே எழுதினார். அதைப் படித்துவிட்டுத் திருவண்ணாமலைக்கு பஸ் ஏறியவர்கள் பலர்.

வாசகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். எங்கள் பாலகுமாரன் எங்கே, எங்கள் காதல் எங்கே என்று சிலர் கோபித்துக்கொண்டார்கள். அவரை ‘எழுத்துச் சித்தர்’ என்று அழைத்தவர்கள் இன்னொரு பக்கம். முன்பு கணவனைப் பற்றிக் கேட்டவள் இப்போது கடவுளைப் பற்றிக் கேட்டாள். கடிதம் நிற்கவில்லை, கேள்விதான் மாறியது. அவரும் நாவலாசிரியர் நிலையிலிருந்து வழிகாட்டி நிலைக்கு நகர்ந்தார். நாவலுக்கு அது நஷ்டம் என்று சொல்லும் விமர்சகர்களை நான் மறுக்கவில்லை. ஆனால் முகம் தெரியாத அந்த ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அது நஷ்டமா என்று அவர்களைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2001 பிப்ரவரி 20. யோகி ராம்சுரத்குமார் உடலை விட்டார். பாலகுமாரனுக்கு அப்போது வயது 54. குருவும் இல்லை. காதல் கதைக்காரர் என்ற பழைய சட்டையும் இனிப் பொருந்தாது. அவர் அடுத்துத் தொட்டது எவரும் எதிர்பார்க்காத ஒன்று. தன் சொந்த ஜில்லாவில் 1010-ல் குடமுழுக்குக் கண்ட ஒரு கல்மலை, அதைக் கட்டிய ராஜராஜன், அவனுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண். ஆறு பாகங்களாக விரிந்த ‘உடையார்’.

லாரி ஷெட்டையும் படுக்கையறையையும் எழுதிய கைக்கு 1,000 வருடத்துக் கருங்கல் எப்படி வசப்பட்டது? கல்கியின் பொன்னியின் செல்வனைக் கரைத்துக் குடித்திருந்த வாசகர்கள் இன்னொரு ராஜராஜனை ஏற்றார்களா? அடுத்த வாரம்.

அதற்குள் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். 1980, 90-களில் வந்த தொடர்களைக் கிழித்து பைண்டு செய்து வைத்திருக்கும் வீடுகள் இன்னும் உண்டு. 2018 மே 15-ல் பாலகுமாரன் மறைந்த பிறகும் அவர் நாவல்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றைப் படித்துவிட்டு நீங்கள் எழுதிய கடிதத்தின் நகல், அவரிடமிருந்து வந்த பதில் எந்தக் கடையிலும் கிடைக்காது. அப்படி ஒன்று உங்கள் அம்மாவின் டிரங்க் பெட்டியில் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். சென்னை ரோஜா முத்தையா நூலகம் போன்ற இடங்களில் அதைக் கொடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

(தொடரும்)